பிரியுற கதைக்கு என்ன அட்டை?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அமர்வு இது. கண் சொக்கும் நேரம். அதனால் படங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நூலகப் பாடவேளையில் பிள்ளைகள் புத்தகம் எடுக்கும் விதத்தை ஓரமாக நின்று கவனித்திருப்பீர்கள். ஒரு புத்தகத்தின் மேல் அவர்கள் கண் நிற்பது இரண்டு, மூன்று நொடிகள்தான். பிடித்தால் கை நீளும், இல்லையென்றால் அடுத்தது. நாம் உடனே சொல்வோம்: “படத்தப் பாத்து எடுக்காத. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாரு.” சொல்வது எளிது. ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பத்தியைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவனுக்கு அந்தப் பாடவேளை முழுவதும் வேண்டும். அந்தப் புத்தகத்தில் அவன் தடுக்காமல் வாசிக்கிற பக்கம் ஒன்றே ஒன்றுதான், அட்டை. அதையும் பார்க்காதே என்றால் அவன் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பான்?

ஆகவே அட்டையைப் பார்த்து எடுப்பதைத் தடுக்க வேண்டாம், அட்டையை வாசிக்கச் சொல்லிக்கொடுப்போம் என்பதுதான் நான் இன்று பேச வந்தது. இதைப் பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும். ஒரு குறிப்பிட்ட வகைக் கதையை எடுத்துக்கொள்கிறேன். மற்ற எந்தப் புத்தகத்தையும்விட அதில் அட்டைக்கு வேலை அதிகம்.

வாசிப்பவரே வழியைத் தேர்ந்தெடுக்கும் கதைகள் இருக்கின்றன. ‘கதவைத் திறக்கிறாயா? 14ஆம் பக்கத்துக்குப் போ. திரும்பி ஓடுகிறாயா? 31ஆம் பக்கத்துக்குப் போ’ என்று கேட்டுக் கேட்டு நகரும். கணினியிலும் கைப்பேசியிலும் இதுவே விளையாட்டாக வருகிறது. ஆங்கிலத்தில் இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். தமிழில் ஊடாடு புனைவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. அவர்களே ‘பிரியுற கதை’ என்று வைத்துக்கொண்டார்கள். திருவரங்கத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்கக் கேட்க வேண்டுமா? முக்கொம்பில் காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமுமாகப் பிரிகிற இடத்தைப் பார்த்தவர்கள். பிரிந்த இரண்டும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருவது போல, இந்தக் கதைகளிலும் பிரிந்த கிளைகள் சில இடங்களில் வந்து சேரும்.

1979இல் அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கர்டு எழுதிய ‘தி கேவ் ஆஃப் டைம்’ இந்த வகையில் பெரும் புகழ் பெற்ற வரிசையின் முதல் புத்தகம். 1982இல் இங்கிலாந்தில் ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ வந்தது. நானூறு சின்னச் சின்னப் பகுதிகள், பகடை உருட்டிப் படிக்க வேண்டியது. இவற்றின் அட்டையைக் கவனிக்க வேண்டும். பேக்கர்டின் புத்தக அட்டையிலேயே நாற்பது முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். கதையின் நாயகர் நீங்கள்தான் என்ற வரியும் இருந்தது. அதாவது படமும் நாலு வரியும் சேர்ந்து, உள்ளே என்ன கதை என்பதோடு, இதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டன.

ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது? சாதாரணக் கதைப் புத்தகத்தை நடுவில் பிரித்து நாலு வரி படித்தால் கொஞ்சம் பிடிபடும். பிரியுற கதையைப் புரட்டினால் ஒன்றும் பிடிபடாது. ஒரு பக்கத்தில் நீங்கள் குகைக்குள் இருப்பீர்கள், அடுத்த பக்கத்தில் கப்பலில். அதற்கடுத்த பக்கத்தில் செத்துப்போயிருப்பீர்கள். புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழி அடைபட்டுப் போகிறது. கணினித் திரையில் புரட்டுவதற்குப் பக்கமே கிடையாது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம், ஒரு தலைப்பு, ஒரு வரி. அவ்வளவுதான் கையில் இருப்பது.

இதில் அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனத்தின் கதை சுவாரசியமானது. எண்பதுகளில் அவர்கள் விற்ற கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் படமே கிடையாது. திரை முழுக்க எழுத்து மட்டும். அப்படியென்றால் கடையில் வாங்குகிறவருக்கு எதைக் காட்டுவது? 1982இல் வெளியான ‘டெட்லைன்’ ஒரு கொலை விசாரணைக் கதை. அதன் உறையைப் போலீஸ் கோப்பு மாதிரியே செய்தார்கள். உள்ளே விசாரணை அறிக்கைகள், பிணத்தருகே கிடைத்ததாகச் சொல்லப்படும் மாத்திரைகள் எல்லாம் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த ‘சஸ்பெண்டட்’ உறையில் ஒரு பிளாஸ்டிக் முகமூடியையே பதித்துவிட்டார்கள். பார்த்தவர் நின்றார்கள். ஆனால் கடைக்காரருக்குத் தலைவலி. விதவிதமான வடிவத்தில் பெட்டி வந்தால் அலமாரியில் எப்படி அடுக்குவது? 1984 முதல் எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அலமாரி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளி நூலகத்துக்கு வரும்போது இந்த அலமாரியை மறுபடி நினைவுபடுத்துகிறேன்.

இப்போதும் 1995 முதல் ஆண்டுதோறும் இத்தகைய கதைகளுக்காக ஒரு போட்டி நடக்கிறது. வாசகர்கள்தான் நடுவர்கள். டஜன் கணக்கில் கதைகள் வரும்போது எதை முதலில் திறப்பது என்ற கேள்வி அவர்களுக்கும் வருகிறது. கதை எழுதத் தெரிந்தவருக்குப் படம் போடத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனாலும் அட்டைப் படத்துக்காக மெனக்கெடுகிறார்கள். அட்டை இல்லாத கதை மோசமான கதை என்று யாரும் சொல்வதில்லை. திறக்கப்படுவதற்குத் தாமதமாகும், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கதை போதும். கேட்கிறவரிடம் கேள்வி கேட்டு நிறுத்தும் கதை நமக்குப் புதிதா என்ன? அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. அதில் வந்த வேதாளக் கதையை இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வேதாளம் கதையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து பிணம் மரத்துக்குத் திரும்பிவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் சிக்கல் என்ற அந்த அமைப்புதான் இதன் உயிர். அந்தக் கதைக்கு ஓவியர் சங்கர் போட்ட தலைப்புப் படம்: ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டு இருட்டில் நடக்கும் விக்கிரமன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் அந்தப் படத்தைக் கண்டால், இது கேள்வி கேட்கிற கதை என்று தெரிந்துகொண்டு, படித்துக்காட்ட ஆள் தேடும். சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன் 1952இல் அங்கே பணியில் சேர்ந்தவர், 2020இல் மறைந்தார். மாதா மாதம் கதை மாறியது, படம் மாறவில்லை. அதுதான் அதன் பலம்.

பிறகு சிவகாசி. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. உள்ளே கறுப்பு வெள்ளை, வெளியே பல வண்ண அட்டை. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் காசைக் கொடுத்தோம். கடைக்காரர் புரட்ட விடமாட்டார். அதே சிவகாசியில் அச்சாகும் பட்டாசு லேபிளையும் எண்ணிப் பாருங்கள். லட்சுமி வெடியைக் கொளுத்திப் பார்த்துவிட்டு வாங்க முடியுமா? லேபிளில் இருக்கும் படத்தை நம்பித்தான் வாங்க வேண்டும். முன்கூட்டிச் சோதிக்க முடியாத பொருளுக்கெல்லாம் படம்தான் பிணை.

நம் ஊரில் இன்னொன்று, பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க விளையாடுவது. தாயம் விழுந்த கணக்கில் ஏணியும் பாம்பும் முடிவு செய்கின்றன. தேர்வு நம் கையில் இல்லை, அதனால் இதைப் பிரியுற கதை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பழைய படங்களில் கட்டத்துக்குக் கட்டம் ஒரு கதை இருந்தது. உச்சியில் வைகுண்டம், கீழே இழுக்கும் பாம்புக்கு ஓர் அசுரன் பெயர். இப்போது கடையில் வாங்கும் அட்டையில் பெரும்பாலும் எண்களும் சிரிக்கும் பாம்புகளும்தான். விதி ஒன்றே. ஆனால் முதலாவதை விளையாடும் பிள்ளை ‘இந்தப் பாம்பு யாரு பாட்டி?’ என்று கேட்கிறது, இரண்டாவதை விளையாடும் பிள்ளை எண்ணை எண்ணுகிறது. படம் தேர்வைத் தூண்டுவதோடு நிற்காமல், எந்த மனநிலையோடு உள்ளே நுழைகிறோம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பிரியுற கதை எழுதினார்கள். சித்திரைத் தேர் நாள். கீழச் சித்திரை வீதியில் கூட்டம். நீ கையைப் பிடித்துக் கூட்டி வந்த தங்கையைக் காணவில்லை. வெள்ளைக் கோபுரம் பக்கம் போகிறாயா, தேர் போகிற திசையிலேயே போகிறாயா, காவலர் உதவி மையத்தில் சொல்கிறாயா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை. தெரிந்த தெருக்கள் என்பதால் சண்டை போட்டுக்கொண்டு எழுதினார்கள். “அந்த நேரத்துல அந்த வழியா போக முடியாது டீச்சர், தேர் அடைச்சிக்கிட்டு நிக்கும்” என்று திருத்திய பிள்ளைக்கு அதுவரை தமிழ் வகுப்பில் வாயே திறந்ததில்லை.

எழுதி முடித்ததும் நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரே கதைக்கு நான்கு அட்டை வரையச் சொன்னேன். முதல் குழு பெரிய தேரையும் கூட்டத்தையும் வரைந்தது. இரண்டாவது குழு தேருக்கு எதிரே முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறிய உருவம். மூன்றாவது குழு அழுகிற ஒரு பையனின் முகம். நான்காவது குழு, கீழே கிடக்கும் தேர் வடமும் அதன் பக்கத்தில் ஒற்றைச் செருப்பும். நான்கிலும் உள்ளே ஒரே கதை. கதை தெரியாத ஏழாம் வகுப்பிடம் கொண்டுபோய் மேசை மேல் பரப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

நான் சொல்லப்போவது ஆராய்ச்சி முடிவு இல்லை, ஒரு வகுப்பில் ஒரு மதியம் பார்த்தது. தேர் போட்ட அட்டைக்குத்தான் முதலில் பல கைகள் நீண்டன. ஆனால் அதை எடுத்தவர்களில் சிலர் திருவிழாக் கதை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். தங்கை தொலைந்த கதை என்றதும் முகம் மாறியது. இரண்டு தேர்வோடு மூடி வைத்துவிட்டார்கள். செருப்பு போட்ட அட்டையைச் சிலர்தான் எடுத்தார்கள். எடுத்தவர்கள் விடவில்லை. அது யார் செருப்பு என்று தெரிந்தாக வேண்டும் என்று திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்தார்கள். நிறையப் பேரை இழுக்கும் அட்டையும் நெடுநேரம் இருத்தி வைக்கும் அட்டையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை.

அழுகிற பையனின் முகம் போட்ட அட்டையைப் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மாணவி சொன்ன பதில்: “கதையில நான்னு சொல்றீங்க. அதுல நான் இல்லயே டீச்சர்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரியுற கதை ‘நீ’ என்று பேசும். தமிழில் படர்க்கையில் எழுதினால் அவன், அவள் என்று வந்தே தீரும். வந்தான், வந்தாள் என்று வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். முன்னிலையில் அந்தச் சிக்கல் இல்லை. நீ வந்தாய், நீ திரும்பினாய், நீ பயந்தாய். ஆணும் பெண்ணும் அதற்குள் சமமாக நுழையலாம். பால்காட்டாத இந்த முன்னிலை வினைமுற்றை நாம் இலக்கண வகுப்பில் ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடந்துபோகிறோம். கதைக்குள் அது எவ்வளவு பெரிய வசதி! அவ்வளவு அக்கறையாக மொழி திறந்துவைத்த கதவை, ஒரு பையனின் முகத்தைப் போட்டு அட்டை மூடிவிடுகிறது. அமெரிக்க வரிசையிலும் இதே குறை இருந்தது. எழுத்தில் ‘நீ’ யார் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் பல புத்தகங்களின் படங்களில் அந்த ‘நீ’ ஒரு பையனாகவே இருப்பான்.

வேறு கதைகளில் முகம் வரைவது நல்லதே. நம் ஊர் சுஜாதாவின் வசந்துக்கு முகம் கொடுத்தது ஜெயராஜின் தூரிகைதான், அந்த முகம் இல்லாமல் வசந்தை நினைக்கவே வராது. ஆனால் வசந்த் வேறொருவர். ‘நீ’ என்பவர் வாசிக்கிற பிள்ளை. அந்த முகத்தை அந்தப் பிள்ளைக்கே விட்டுவிட வேண்டும். முதுகைக் காட்டி நின்ற உருவத்தை வரைந்த குழு, முகம் வரையத் தெரியாததால்தான் அப்படிச் செய்தார்கள் என்பது வேறு கதை. அது யாருக்கும் சொந்தமாகக்கூடிய முதுகு.

அலமாரிக்கு வருவோம். நம் பள்ளிகளில் புத்தகங்கள் இரும்பு பீரோவில் முதுகை வெளியே காட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் சிறுவர் புத்தகங்கள் பல பதினாறு பக்கம், இருபத்து நான்கு பக்கம். அவற்றுக்கு முதுகே கிடையாது, இரண்டு பின் மட்டும்தான். வரிசையாக வைத்தால் எதுவும் தெரியாது. ஒரு சணல் கயிறும் துணி கிளிப்பும் போதும், அட்டை முகம் காட்டும்படி ஜன்னல் கம்பியில் தொங்கவிடலாம். பழைய பெட்டிக்கடைக்காரருக்குத் தெரிந்த வித்தைதான். வாரத்துக்கு ஒரு முறை மாற்றித் தொங்கவிட வேண்டும். தொடாத புத்தகம் ஒன்றை வேறு இடத்தில் தொங்கவிட்டதும் மறுநாள் காணாமல் போயிருப்பதை, அதாவது யாரோ எடுத்துப் போயிருப்பதை, நீங்களே பார்ப்பீர்கள்.

அட்டையில் படம் மட்டும் இல்லை. வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள் வைத்திருக்கிறார்கள். வகுப்பு எண் போடாமல் வினைச்சொல் போட்டது பெரிய காரியம். எட்டாம் வகுப்பு மாணவன் ‘நுழை’ புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் யாரும் கேலி செய்ய முடியாது. ‘இரண்டாம் வகுப்புக்குரியது’ என்று அட்டையில் இருந்தால் அவன் அதைத் தொடவே மாட்டான், தேவைப்படுகிறவன் அவனாகவே இருந்தாலும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015இல் வந்தது. அங்கே தமிழ்ப் புத்தகங்களும் நிலை வாரியாகக் கிடைக்கின்றன. திறன் பலகையில் அதன் அட்டைகளை வரிசையாகக் காட்டி, தலைப்பை மறைத்துவிட்டு, ‘இது யாருடைய கதையாக இருக்கும்? எங்கே நடக்கும்? சிரிக்க வைக்குமா, பயமுறுத்துமா?’ என்று கேளுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். அட்டை ஏமாற்றியது என்று ஒரு பிள்ளை கோபப்பட்டால் அந்த வகுப்பு வெற்றி. கைப்பேசியில் வாய் பிளந்து கத்தும் முகத்தைச் சின்னமாக வைத்து இழுக்கும் விளையாட்டுகளை எதிர்கொள்ள அந்தக் கோபம் தேவை. தடை போட்டு எத்தனை வீட்டில் முடிந்திருக்கிறது?

உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கும் பள்ளிகளில் ட்வைன் என்ற இலவசச் செயலியில் பிள்ளைகளே இத்தகைய கதைகளை உருவாக்கலாம். தமிழ் எழுத்துரு சிக்கல் இல்லை. ஆய்வகம் இல்லாதவர்களுக்குப் பழைய நோட்டின் மிச்சத் தாள்களும் பக்க எண்ணும் போதும். நாங்கள் செய்தது அப்படித்தான்.

சரி, பேசியது போதும். ஆளுக்கு ஒரு தாள் வருகிறது. நாற்காலிகளை ஐந்து ஐந்து பேராகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வண்ணப் பென்சில் பெட்டி நான்குதான் இருக்கிறது, மேசை மாற்றிக் கொடுத்துக்கொள்ளுங்கள். கதை இது: 2018 ஆகஸ்ட். கொள்ளிடத்தில் வெள்ளம். பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்துவிட்டது. நீ இந்தக் கரையில். உன் ஆட்டுக்குட்டி அந்தக் கரையில். இருட்டப் போகிறது. இதற்கு அட்டை வரைய வேண்டும். ‘நீ’யின் முகம் தெரியக் கூடாது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தேர்வு செய்து போகிற கதை என்று தெரிய வேண்டும். இருபது நிமிடம். படம் வரைய வராது என்று சொல்கிறவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள்.